வெள்ளையா, வட்டமா, நடுவுல ஒரு கோடு

ஊரிலிருந்து அப்பா, அம்மா, அத்தை, பெரியப்பா என்று யார் கல்யாணுக்கு வந்து இறங்கினாலும் கூடவே மூன்று விஷயங்கள் இறங்கும். ஒன்று, அல்வாவும் முறுக்கும் அடைத்த பை. இரண்டு, நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பட்ட பாட்டின் கதை. மூன்று, ஒரு பழைய டப்பா. அதைத் திறந்தால் வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று மாத்திரைகள் உதிரியாகக் கிடக்கும். "அட்டையோட வச்சா இடத்த அடைக்குதுப்பா, எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள்.

பத்து நாள் கழித்து தலைசுற்றல் வரும். பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப் போவோம். அவர் கேட்கும் முதல் கேள்வி, "கோன்ஸி கோலி லேதே ஹைன்?" நாம் திரும்பி தமிழில் கேட்போம். பதில் வரும்: "வெள்ளையா, வட்டமா, நடுவுல ஒரு கோடு இருக்கும்லா, அது."

மும்பைப் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இந்தக் காட்சி நடக்காத வீடு குறைவு. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், கல்யாண் எங்கே போனாலும் இதே டப்பாதான். சிகாகோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சொந்தங்களும் இதையேதான் சொல்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். ஆனால் இந்த 'வெள்ளை வட்டம்' என்ற அடையாளம் எப்படி வந்தது, ஏன் அதை நம்பக்கூடாது என்று தேடிப் படித்ததில் ஒரு நல்ல சரித்திரம் கிடைத்தது. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல். இந்திக்காரர் 'கோலி' என்றால் அது மாத்திரையாகவும் இருக்கலாம், துப்பாக்கிக் குண்டாகவும் இருக்கலாம். நமக்குக் கோலி என்றால் தெருவில் அடித்து விளையாடிய கோலிக்குண்டு. மூன்றுக்கும் பொது, உருண்டை வடிவம். ஆக, வடக்கே பெயர் வைத்தவர்கள் உருவத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் வைத்த பெயர் 'மாத்திரை'. மாத்திரை என்றால் அளவு. எழுத்து ஒலிக்கும் நேரத்தைக்கூட இலக்கணத்தில் மாத்திரைக் கணக்கில்தான் சொல்கிறோம். மருந்தில் முக்கியம் உருவம் இல்லை, என்ன சரக்கு, எவ்வளவு என்பதுதான் என்று நம் சொல்லே சொல்லிவிடுகிறது. நாம்தான் காதில் வாங்குவதில்லை.

கம்பவுண்டர் காலம்

நம் தாத்தா பாட்டி காலத்தில் ஆஸ்பத்திரி என்றால் மாத்திரையைவிட மிக்சர்தான் ஞாபகம். கம்பவுண்டர் கலக்கிக் கொடுப்பார். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோக வேண்டும். பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஒரு பல் ஒரு வேளை. அன்று மருந்தின் அடையாளம் அதன் நிறமோ ருசியோ அல்ல, கொடுத்த ஆள். சந்தேகம் வந்தால் அவரிடமே போய்க் கேட்கலாம்.

ஆள் முகம் தெரியாமல் ஊர் ஊராகப் போன மருந்து என்றால் கொய்னாவைச் சொல்ல வேண்டும். மலேரியாவுக்கான குயினைன். நீலகிரியில் 1860-களில் அரசு சிங்கோனா மரம் வளர்க்க ஆரம்பித்தது. நடுவட்டத்தில் அதற்கான தொழிற்சாலையும் இருந்தது. 1892-ல் வங்காளத்தில் குயினைன் பொட்டலங்களைத் தபால் நிலையங்களில் ஒரு பைசாவுக்கு விற்கத் தொடங்கினார்கள். பிறகு மற்ற மாகாணங்களுக்கும் அது பரவியது. பொட்டலத்தின்மேல் உள்ள அரசு அடையாளம்தான் நம்பிக்கை. உள்ளே இருப்பது வெள்ளைத் தூள். மாவுகூட அப்படித்தான் இருக்கும். பெயரும் அளவும் பொட்டலத்தில், பொருள் உள்ளே. இந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை.

அச்சில் வந்த மாத்திரை

கையால் உருட்டிய குளிகை ஒன்றுபோல் ஒன்று இருக்காது. 1843-ல் இங்கிலாந்தில் வில்லியம் பிராக்டன் என்ற ஓவியர், தூளை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி கட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவருக்கு வேண்டியிருந்தது நல்ல பென்சில் கரி. அதே முறை மருந்துக்கும் ஒத்துவந்தது.

அடுத்த பெரிய அடி 1884-ல். பரோஸ் வெல்கம் என்ற லண்டன் கம்பெனி 'டேப்லாய்ட்' என்ற பெயரைத் தன் அழுத்திய மாத்திரைகளுக்கு வணிகப் பெயராகப் பதிவு செய்தது. (சின்ன அளவில் அடக்கியது என்ற பொருளில் பிறகு பத்திரிகைகளுக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.) அதே 1884-ல் நம் கல்யாணில் பிறந்த ஒரு பெண் பிலடெல்பியாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். ஆனந்திபாய் ஜோஷி, 1865-ல் பிறந்தவர். பதினான்கு வயதில் பெற்ற பிள்ளை பத்தே நாளில் இறந்துபோன துக்கம்தான் அவரை டாக்டர் படிப்புக்குத் தள்ளியது. 1886-ல் பட்டம் வாங்கினார். அடுத்த வருடமே காசநோயில் இறந்துவிட்டார், இருபத்தொரு வயதில். அந்த நோய்க்கு அன்று மாத்திரை எதுவும் இல்லை.

மாத்திரை அச்சில் வந்ததால் பெரிய நன்மை, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு மருந்து. கூடவே ஒரு புதிய ஆபத்தும் வந்தது. வட்டமான அச்சில் எந்தத் தூளைப் போட்டாலும் வட்டமான மாத்திரைதான் விழும். பாதி மருந்துகள் இயற்கையிலேயே வெள்ளைத் தூள். காய்ச்சல் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் இரட்டைப் பிள்ளைகளாகிவிட்டன.

சட்டம் அட்டையைப் பார்த்தது, மாத்திரையைப் பார்க்கவில்லை

போலி மருந்தும் தரமில்லாத மருந்தும் பெருகியதால் 1930-ல் ஆர்.என்.சோப்ரா தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. அதன் விளைவாக வந்ததுதான் 1940-ம் வருட மருந்துச் சட்டம். விதிகள் 1945-ல் வந்தன. இன்று நாம் வாங்கும் அட்டையில் மருந்தின் பெயர், தயாரித்தவர் பெயர், பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம் எல்லாம் இருப்பது இந்த விதிகளால்தான். இடது பக்கம் ஒரு சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்று அர்த்தம்.

கவனியுங்கள், இவ்வளவும் அட்டைக்குத்தான். மாத்திரையின் உடம்பில் என்ன இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அனுமதித்த சாயங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதற்குள் எந்த நிறம் என்பது கம்பெனியின் விருப்பம். வட்டமா, நீளமா, கோடு உண்டா என்பதும் அவர்கள் விருப்பம். நடுவில் இருக்கும் கோடு பெரும்பாலும் பாதியாக உடைக்க உதவும் கோடு, அவ்வளவே. அதை அடையாளம் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

அட்டையைப் பிய்த்து எறிந்தால் சட்டம் கொடுத்த அத்தனை விவரத்தையும் குப்பையில் போட்டதாக ஆகும்.

ஒரே மருந்து, ஊருக்கொரு பெயர்

1970-ல் இந்தியா புதிய காப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 1972-ல் அமலுக்கு வந்தது. மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் என்று அது சொன்னது. வேறு முறையில் அதே மருந்தை யாரும் செய்யலாம். விலை இறங்கியது, ஏழைக்கும் மருந்து கிடைத்தது. உலகமே இந்திய மருந்தை வாங்கியது. ஆனால் ஒரே மருந்துக்கு எத்தனை கம்பெனியோ அத்தனை பெயர், அத்தனை நிறம்.

இதைச் சீர்செய்ய நினைத்தவர்களும் உண்டு. 1975-ல் ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையிலான குழு, வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழித்து மூலப்பெயரில் மட்டும் விற்கச் சொன்னது. 1981-ல் ஆஸ்பிரின், அனால்ஜின், குளோர்ப்ரோமசின், ஃபெரஸ் சல்பேட், பிப்பரசின் ஆகிய ஐந்து மருந்துகளில் தொடங்கலாம் என்று அரசு அறிவித்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. திட்டம் நின்றுபோனது.

பக்கத்தில் இலங்கையில் சேனக பிபிலே என்ற மருந்தியல் பேராசிரியர் இதில் நம்மைவிட முன்னால் போனார். 1971-ல் தொடங்கிய அரசு மருந்துக் கூட்டுத்தாபனம் மூலப்பெயரில் மருந்துகளை இறக்குமதி செய்தது. வளரும் நாடுகள் பலவும் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டன.

நம் ஊரில் பெயர்க் குழப்பம் சுப்ரீம் கோர்ட் வரை போனது 2001-ல். 'ஃபால்சிகோ', 'ஃபால்சிடாப்' என்று இரண்டு மருந்துகள். இரண்டுமே கடுமையான மலேரியாவுக்கு. ஆனால் உள்ளே இருந்த மருந்து வேறு வேறு. ஒன்றில் ஆர்ட்டிசுனேட், மற்றதில் மெஃப்ளோகுயின். இரண்டு கெடிலா கம்பெனிகளுக்கு இடையே வழக்கு. டாக்டர் சீட்டில் எழுதுவதால் குழப்பம் வராது என்று ஒரு வாதம். டாக்டர்களும் மருந்துக்கடைக்காரர்களும் தவறே செய்யாதவர்கள் அல்ல, இத்தனை மொழிகள் பேசும் நாட்டில் மருந்து விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்று கோர்ட் சொன்னது. 2019-ல் விதி திருத்தப்பட்டது. புதுப் பெயர் வைக்கும் கம்பெனி, அது வேறு மருந்தின் பெயரோடு குழப்பம் தராது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். திருநெல்வேலித் தமிழில் சொன்ன பெயரை நாம் இந்தியில் சொல்லி, அதைக் கடைப்பையன் மராத்தியில் வாங்கிக்கொள்ளும் கல்யாணில், அந்தத் தீர்ப்பின் அருமை நன்றாகவே புரியும்.

அமெரிக்காவில் எழுத்து, ஆனாலும் வம்பு

அமெரிக்கா வேறு வழி எடுத்தது. 1995 முதல், அங்கே விற்கும் மாத்திரை, கேப்சூல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறியீடு பொறித்திருக்க வேண்டும். நிறம், வடிவம், அளவு, குறியீடு நான்கையும் சேர்த்துப் பார்த்தால் இன்ன மருந்து, இன்ன அளவு, இன்ன கம்பெனி என்று தெரிந்துவிடும். தேசிய மருத்துவ நூலகம் இதற்காக 'பில்பாக்ஸ்' என்ற இலவசத் தேடல் வசதியைக்கூட நடத்தியது. 2021 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போதும் தனியார் தேடல் வசதிகள் உண்டு.

அந்த வழக்கத்தில் வளர்ந்த அமெரிக்க அண்ணன் மகன் இங்கே வந்து, தாத்தாவின் மாத்திரையைப் போனில் படம் பிடித்துத் தேடினால் ஏதோ ஒரு பதில் வரலாம். அது அமெரிக்க மாத்திரைகளுக்கான பதில். இந்திய மாத்திரையில் எழுத்தே இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் அது அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று இல்லை.

நிறத்தை நம்பக்கூடாது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின். அளவு கொஞ்சம் கூடினாலும் ரத்தக்கசிவு, குறைந்தாலும் அடைப்பு. அதனால் அளவுக்கு ஒரு நிறம் என்று வழக்கம் உண்டு. பிரிட்டனில் 5 மில்லிகிராம் ரோஸ் நிறம். அமெரிக்காவில் ரோஸ் நிறம் 1 மில்லிகிராம். லண்டன் மகன் வீட்டிலிருந்து நியூஜெர்சி மகள் வீட்டுக்குப் போகும் ஒரு பெரியவர், "நான் சாப்பிடறது அந்த ரோஸ் மாத்திரை" என்று சொன்னால் என்ன ஆகும்? ஐந்து மடங்கு வித்தியாசம்.

பெயரும் கடல் தாண்டினால் மாறிவிடும். அமெரிக்காவில் 'ஃப்ளோமாக்ஸ்' என்பது புராஸ்டேட் தொந்தரவுக்கு. இத்தாலியில் அதே பெயரில் இருந்தது ஒரு வீக்க நிவாரணி. 'டிலாகார்' அமெரிக்காவில் டில்டியாசெம், செர்பியாவில் டிஜாக்சின். இரண்டும் இதயத்துக்கான மருந்துகள்தான், வேலை வேறு. வெளிநாட்டில் சீட்டைக் காட்டி மருந்து வாங்கும் பயணிகளுக்கு அமெரிக்க மருந்துத் துறையே 2006-ல் இதைச் சொல்லி எச்சரித்தது.

இரண்டு மஞ்சள் மாத்திரைகள்

இதுவரை சொன்னதெல்லாம் முன்கதை. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

முடக்குவாதம், சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை கொடுப்பார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். அதன் பக்க விளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் கொடுப்பார்கள். அது மற்ற நாட்களில். மெத்தோட்ரெக்சேட்டும் மஞ்சள் தூள், ஃபோலிக் ஆசிடும் மஞ்சள் தூள். சாயம் போடாமல் விட்டால் இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரைகள். போதாக்குறைக்கு இந்தியாவில் மெத்தோட்ரெக்சேட்டின் ஒரு வணிகப் பெயர் 'ஃபோலிட்ராக்ஸ்', ஃபோலிக் ஆசிடின் ஒரு வணிகப் பெயர் 'ஃபோல்வைட்'. இரண்டும் 'ஃபோல்' என்றே தொடங்குகின்றன.

மாற்றிச் சாப்பிட்டால்? வாரம் ஒருமுறைக்கான மருந்து தினமும் உள்ளே போகும். முதலில் வாயெல்லாம் புண். பிறகு எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதைக் குறைத்துவிடும். காய்ச்சல், ரத்தக்கசிவு, கவனிக்காவிட்டால் மரணம். இந்திய மருத்துவ இதழ்களில் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி டாக்டர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். இது நம் ஊர் அலட்சியம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு 2004-ல் எச்சரிக்கை வெளியிட்டபோது, முந்தைய பத்து வருடங்களில் மெத்தோட்ரெக்சேட் தவறுகளால் இங்கிலாந்தில் 25 பேர் இறந்ததாகக் கணக்குச் சொன்னது.

இந்த இரண்டு மஞ்சள் மாத்திரைகளும் ஒன்றுபோல இருப்பது தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே குடும்பம். உடம்பு ஃபோலிக் ஆசிட் என்று ஏமாந்து ஏற்றுக்கொள்ளும் மாதிரி, அதன் உருவத்தைக் கொஞ்சம் மாற்றிச் செய்ததுதான் மெத்தோட்ரெக்சேட். இரண்டும் பிறந்தது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லப்பிரகடா சுப்பாராவ். 1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னையில் படித்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் மருத்துவம் முடித்தவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். மட்டும் வாங்கிக்கொண்டு அமெரிக்கா போனவர். நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன ஆள். 1948-ல் இறந்தார். அவர் குழு செய்த மருந்துகளால் எத்தனையோ லட்சம் பேர் பிழைத்திருக்கிறார்கள். செல்லுக்குள் இருக்கும் நொதியையே தோற்றத்தால் ஏமாற்றுவதுதான் அந்த மருந்து வேலை செய்யும் விதம். அதே தோற்றம் மாத்திரை டப்பாவில் நம் கண்ணையும் ஏமாற்றுகிறது.

நிறம் மாறினால் நிறுத்திவிடுகிறோம்

தப்பான மாத்திரையைச் சாப்பிடுவது ஒரு ஆபத்து. சரியான மாத்திரையைச் சாப்பிடாமல் விடுவது இன்னொன்று. 2014-ல் அமெரிக்காவில் ஆரன் கெசல்ஹைம் என்ற ஆய்வாளரும் குழுவினரும் மாரடைப்பு வந்து மீண்டவர்களை ஆராய்ந்தார்கள். அதே மருந்து, வேறு கம்பெனி. மாத்திரையின் நிறம் மாறியபோது நோயாளி மருந்தை நிறுத்தும் வாய்ப்பு 34 சதவீதம் கூடியது. வடிவம் மாறியபோது 66 சதவீதம் கூடியது.

எங்கள் மாடியில் இருக்கும் தூத்துக்குடி அண்ணாச்சி ஒருமுறை கடையில் கொடுத்த மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். "ஊர்ல வாங்குறது நீளமா இருக்கும். இவன் வட்டமா எதையோ கட்டப் பாக்கான்." இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் மெட்ஃபார்மின் 500. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். பதில் மாத்திரையில் இல்லை, அட்டையில் பொடி எழுத்தில் இருந்தது.

கண்ணுக்கே எட்டாதது

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் சரித்திரம் முழுமையாகாது. 1986 தொடக்கத்தில் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் கிளிசரின் கொடுக்கப்பட்ட நோயாளிகளின் சிறுநீரகம் செயலிழந்தது. 14 பேர் இறந்தார்கள். கிளிசரினில் டை எதிலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது. அதற்கும் நிறம் இல்லை, அதுவும் பாகு மாதிரி, அதுவும் இனிக்கும். நீதிபதி பக்தாவர் லென்டின் விசாரித்து 1987-ல் கொடுத்த அறிக்கை, கொள்முதல் முதல் மருந்துக் கட்டுப்பாடு வரை இருந்த ஓட்டைகளை வெளிச்சம் போட்டுக் காட்டியது.

பாடம் முழுவதுமாகப் படிக்கப்படவில்லை. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் சிரப்பில் அதே விஷம் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாடு அரசின் பரிசோதனை காட்டியது. மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். இதை எந்த அம்மாவும் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. அரசு செய்ய வேண்டிய வேலை அது. ஆனால் இப்படி ஒரு எச்சரிக்கை வரும்போது நம் கையில் இருப்பது அந்த பேட்ச்தானா என்று பார்க்க பேட்ச் எண் வேண்டும். அதுவும் அட்டையிலும் லேபிளிலும்தான் இருக்கிறது.

இப்போது என்ன வசதி இருக்கிறது?

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மூலப்பெயரில் மருந்து வாங்கி, மாதிரிகளைக் கம்பெனி பெயர் தெரியாதபடி மறைத்து ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிச் சோதிக்கும் முறையால் நாடு முழுக்கப் பேர் வாங்கியது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபின் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஊரிலிருந்து நம் பெற்றோர் கொண்டுவருவது பெரும்பாலும் இவைதான். அந்த அட்டையில் மூலப்பெயர்தான் இருக்கும். கல்யாண் டாக்டருக்கு அதைக் காட்டினால் போதும், வேறு விளக்கமே வேண்டாம். 2008-ல் தொடங்கிய ஜன் ஔஷதி கடைகளிலும் மூலப்பெயரைச் சொல்லியே வாங்கலாம்.

2018 முதல் அட்டையில் மூலப்பெயரை வணிகப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. சில கூட்டு மருந்துகளுக்கு மட்டும் விலக்கு. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 வணிகப் பெயர்களில் க்யூஆர் கோடு கட்டாயம். போனில் ஸ்கேன் செய்தால் மூலப்பெயர், தயாரித்தவர், பேட்ச், காலாவதி எல்லாம் தெரியும்.

சரி, நாம் வீட்டில் என்ன செய்யலாம்? நான் கேட்டு, படித்துத் தெரிந்துகொண்ட வரை:

1. ஊரிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், மாத்திரையை அட்டையோடு கொண்டுவர வேண்டும். அல்வாவைக் குறைத்தால் அட்டைக்கு இடம் கிடைக்கும்.

2. டாக்டர் சீட்டையும் ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருப்பவரிடமும் உங்களிடமும் ஒரே படங்கள் இருக்கட்டும்.

3. ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்: மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எதற்கு, எப்போது. நிறத்தை எழுத வேண்டாம். கம்பெனி மாறினால் அது மாறிவிடும்.

4. கடையில் பாதி அட்டை வெட்டி வாங்கினால் காலாவதி அச்சடித்த பாதி உங்களிடம் வருகிறதா என்று பாருங்கள். முழு அட்டை என்றால் அந்த முனையைக் கடைசியில் பிரியுங்கள்.

5. நாள் வாரியாகப் பிரித்த டப்பா பயன்படுத்தினால், நிரப்புவது ஒரே ஆளாக, அட்டையைப் பார்த்தபடி இருக்கட்டும். வெறும் அட்டையையும் அந்த வாரம் முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

6. வாரம் ஒருமுறை மாத்திரை யாருக்காவது இருந்தால் அதைத் தனியாக, வேறு அலமாரியில் வையுங்கள். எந்தக் கிழமை என்று அட்டைமேலேயே பெரிதாக எழுதுங்கள்.

7. மாத்திரை புதிதாகத் தெரிந்தால் நிறுத்தவும் வேண்டாம், கண்ணை மூடி விழுங்கவும் வேண்டாம். மூலப்பெயரையும் அளவையும் பழைய அட்டையோடு ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் அன்றே டாக்டரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள்.

8. உதிரியாகக் கிடக்கும், இன்னதென்று தெரியாத மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள். யூகம் செய்து பார்க்கவும் வேண்டாம். குழந்தையோ பெரியவரோ தெரியாமல் எடுத்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், மிச்ச மாத்திரையையும் கிடைத்த அட்டையையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிராவிலும் ஆம்புலன்ஸுக்கு 108 தான்.

மாத்திரையின் உடம்பில் குறியீடு பொறிக்கும் விதி இந்தியாவுக்கும் என்றாவது வரலாம். வந்தால் நல்லது. அதுவரை, தபால் நிலையத்தில் ஒரு பைசாவுக்குக் கொய்னா பொட்டலம் வாங்கியவர்களின் நிலைமைதான் நமக்கும். பெயர் வெளியே இருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போடும்போது "மழை பெய்யுதா, மாடு கன்னு போட்டுதா" எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: "அம்மா, அந்த மாத்திரை அட்டையைக் கொஞ்சம் எடுத்து வாசியேன்." கண் தெரியவில்லை என்பார்கள். பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.